பரிமாறிவிட்டு உட்கார்ந்த பையன்

செந்தூலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

"ஐயா, போன மாதம் கிள்ளானில் என் தங்கை மகளுக்குத் திருமணம். காலை முகூர்த்தம் முடிந்து வாழையிலைச் சாப்பாடு. பரிமாற ஆள் போதவில்லை. நான்காம் படிவம் படிக்கும் என் மகனும் அவன் நண்பர்கள் இரண்டு பேரும் தாங்களாகவே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டார்கள். மூன்று பந்தி பரிமாறினார்கள். நான்காவது பந்தியில் இடம் காலியாக இருந்ததால் நான்தான் அவனை உட்காரச் சொன்னேன். அப்போதுதான் மண்டபத்துக்குள் வந்த என் பெரியப்பா அவனைப் பார்த்து, 'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு சும்மாவா சொன்னாங்க' என்று சத்தமாகச் சொன்னார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பையன் இலையில் கை வைக்காமல் எழுந்து போய்விட்டான். அன்று இரவு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓர் உறவினர் அந்தப் பழமொழியின் 'உண்மையான பொருள்' என்று ஒன்றைப் போட்டார். சாப்பிடும்போது வலது கை முன்னால் போகும், போரில் வில்லை இழுக்கும்போது பின்னால் போகும், அந்தக் கையைத்தான் முன்னோர்கள் சொன்னார்கள், இதில் கேலியே இல்லை என்று. பெரியப்பாவும் 'நான் அந்த அர்த்தத்தில்தான் சொன்னேன்' என்கிறார். எது சரி? அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் நினைப்பது தவறா? அடுத்த மாதம் ஷா ஆலமில் அவர் வீட்டில் புதுமனை புகுவிழா. மகன் வர மாட்டேன் என்கிறான்."

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை தமிழாசிரியனாக, இரண்டாம் முறை பேரப்பிள்ளைகள் உள்ள ஒருவனாக. நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பெரியப்பா சொன்னது கேலிதான். சாப்பாடு என்றால் முதல் ஆளாக வந்து நிற்பவன், வேலை என்றால் கடைசி ஆளாக ஒதுங்குபவன் என்று ஒருவனைக் குத்திக்காட்டத்தான் நம் வீடுகளில் அந்தப் பழமொழியைச் சொல்கிறோம். உங்கள் மகனுக்கு அது வலித்ததென்றால், அவன் தமிழைச் சரியாகப் புரிந்துகொண்டான் என்றுதான் பொருள். 'நீ தப்பாகப் புரிந்துகொண்டாய்' என்று யாரும் அவனிடம் சொல்ல வேண்டாம்.

இனி அந்த வலது கை விளக்கத்துக்கு வருகிறேன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்திருக்கிறேன். நம் பள்ளிகளில் செய்யுள், மொழியணி என்று ஒரு பகுதி உண்டல்லவா, அதை நடத்தப் போகும் ஆசிரியர்களுக்குப் பாடம் எடுத்தவன். ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவர் இந்த வலது கையைத் தூக்கிக்கொண்டு வருவார். கேட்க அழகாகத்தான் இருக்கும். இலையை நோக்கிக் கை முன்னே போகிறது, நாணை இழுக்கக் கை பின்னே போகிறது, எவ்வளவு பின்னே போகிறதோ அவ்வளவு வேகமாக அம்பு பாயும். வகுப்பே கைதட்டும். ஆனால் நம் மொழி அந்த விளக்கத்துக்கு இடம் கொடுப்பதில்லை.

'முந்து', 'பிந்து' என்ற சொற்களைப் பாருங்கள். முன், பின் என்பவற்றிலிருந்து வந்தவை. ஒருவன் முந்த வேண்டுமென்றால் அவனுக்குப் பின்னால் இன்னொருவன் இருக்க வேண்டும். ஓட்டத்தில் முந்தினான், வரிசையில் முந்தினான் என்கிறோம். தன் இலையில் இருக்கும் சோற்றை எடுக்கத் தன் கையை நீட்டுபவன் யாரை முந்துகிறான்? பிந்துவது என்றால் தாமதிப்பது, பின்தங்குவது. நாணை இழுக்கும் செயலுக்குப் பழந்தமிழில் தனிச்சொல்லே இருக்கிறது, 'வாங்குதல்' என்பார்கள். வில்லை வாங்கினான் என்றால் கடையில் வாங்கினான் என்று பொருளில்லை, வளைத்து இழுத்தான் என்று பொருள். இப்படிப் பொருத்தமான சொல் கையில் இருக்கும்போது 'பிந்து' என்று ஏன் சொல்லப் போகிறார்கள்?

அப்புறம், அது ஏவல். நீ முந்து, நீ பிந்து என்று ஓர் ஆளிடம் சொல்வது. கையைப் பற்றியதென்றால் 'பந்திக்கு முந்தும், படைக்குப் பிந்தும், அது என்ன?' என்று விடுகதையாக அல்லவா கேட்டிருப்பார்கள்? விடுகதையாக யாராவது கேட்டால் 'வலது கை' என்று மகிழ்ச்சியாகப் பதில் சொல்வேன். பழமொழியின் பொருளாக அதை ஏற்க என்னால் முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. படைக்குப் போனவன் கையில் எப்போதும் வில்தான் இருந்ததா? நம் பழைய போர்ப்பாட்டுகளில் வேலும் வாளும் திரும்பத் திரும்ப வருகின்றன. படைச்செருக்கு அதிகாரத்தில் ஒரு வீரன் கையில் இருந்த வேலை யானை மேல் எறிந்துவிட்டுத் திரும்புகிறான். அடுத்த ஆயுதத்துக்கு என்ன செய்வது என்று பார்க்கும்போது தன் மார்பில் தைத்திருக்கும் வேல் கண்ணில் படுகிறது. அதைப் பறித்துக்கொண்டு சிரிக்கிறான். 'கைவேல் களிற்றொடு போக்கி வருபவன் மெய்வேல் பறியா நகும்' என்ற அந்தக் குறளில் கை முன்னால்தான் போகிறது.

இந்த மாதிரி மறுவிளக்கங்கள் நம்மிடையே நிறைய ஓடுகின்றன. 'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்பது பேர் அல்ல, மூலிகை வேர் என்பார்கள். 'மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே' என்பது குதிரை அல்ல, ஆற்றில் இருக்கும் மணல்மேடாகிய குதிர் என்பார்கள். 'களவும் கற்று மற' என்பது 'களவும் கத்தும் மற' என்பார்கள். எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு ஒதுக்க எனக்கு மனமில்லை. அவற்றில் ஓர் எழுத்து மாறிப்போயிருக்கலாம் என்ற வாதமாவது இருக்கிறது. வாயால் வழங்கும் பேச்சில் எழுத்து தேய்வது உண்மைதான். வலது கை விளக்கத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, ஒரு சொல்லும் தேயவில்லை. அதே சொற்களை வைத்துக்கொண்டு அவற்றின் குத்தலை மட்டும் பிடுங்கிவிடப் பார்க்கிறார்கள். முன்னோர்கள் யாரையும் கேலி செய்திருக்க மாட்டார்கள், நல்லதை மட்டுமே சொல்லியிருப்பார்கள் என்ற அன்புதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். அந்த அன்பை மதிக்கிறேன். ஆனால் தமிழுக்குக் கேலியும் தெரியும். திருவள்ளுவரே 'தேவர் அனையர் கயவர்' என்று தொடங்கி, இருவரும் மனம்போனபடி நடப்பவர்கள் என்று முடிக்கிறார். புகழ்வது போலப் பழிப்பதற்கு வஞ்சப்புகழ்ச்சி என்று அணி இலக்கணமே பெயர் வைத்திருக்கிறது. அறிவுரை சொல்வது போலப் பழிப்பதுதான் 'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து'.

சரி, அந்தப் பழிக்கு வேர் எங்கே இருக்கிறது? உங்கள் மகனுக்கு உண்மையில் உதவக்கூடியது இந்தப் பகுதிதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பந்தியும் படையும் ஓசைக்காக மட்டும் பக்கத்தில் வந்த சொற்கள் இல்லை. பழந்தமிழ் அரசன் படையெடுக்கும்போது வீரர்களுக்குப் பெரிய விருந்து கொடுத்தான். அதற்குப் பெருஞ்சோறு என்று பெயர். தொல்காப்பியம் புறத்திணையில் அதைப் 'பெருஞ்சோற்று நிலை' என்று ஒரு துறையாகவே வைத்திருக்கிறது. ஆக, உண்பதும் போரிடுவதும் ஒரே வீரனுடைய அடுத்தடுத்த வேலைகள். அரசன் சோறு போடுகிறான், உண்டவன் களத்தில் நின்று அந்தக் கடனைத் தீர்க்கிறான். செஞ்சோற்றுக் கடன் என்று இன்றும் சொல்கிறோமே, அதுதான். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பழமொழியைக் கேட்டால் அதன் கூர்மை தெரியும். வெறும் சாப்பாட்டு ஆசையை அது சொல்லவில்லை. உண்டான், கடனைத் தீர்க்காமல் நழுவினான் என்று ஒருவன் மேல் குற்றம் சாட்டுகிறது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் புறநானூற்றில் 290ஆம் பாட்டில் இருக்கிறது. ஔவையார் பாடியது. எனக்கு மிகவும் பிடித்த பாட்டு. அரசன் முன்னால் கள் இருக்கிறது, பக்கத்தில் ஒரு வீரன் நிற்கிறான். 'இவற்கு ஈந்து உண்மதி கள்ளே' என்று தொடங்குகிறார் ஔவை. முதலில் இவனுக்குக் கொடு, அப்புறம் நீ குடி என்று ஓர் அரசனைப் பார்த்துச் சொல்கிறார். ஏன்? உன் பாட்டனுக்காக இவன் பாட்டன், தச்சன் அடித்து இறக்கிய ஆரக்கால்கள் சுற்றிலும் தைத்த சக்கரக் குடம் போல, உடம்பெல்லாம் வேல் தைக்க இமைக்காமல் நின்று இறந்தான். இவனும் மழையில் ஓலை மறைப்பது போல உன்னைக் குறித்து வரும் வேலைத் தான் தாங்குவான். அதனால் முதல் கிண்ணம் இவனுக்கு.

படைக்கு முந்துபவனுக்குப் பந்தியிலும் முதலிடம். அரசனே அவனுக்குப் பின்னால்தான். இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பிவைத்துக்கொண்டு வாழ்பவனைப் பார்த்துத்தான் நம் பழமொழி கைகொட்டிச் சிரிக்கிறது. அந்தப் பாட்டுக்கும் இந்தப் பழமொழிக்கும் நேரடி உறவு இருப்பதாக நான் சொல்லவில்லை. இரண்டையும் அளக்கும் படி ஒன்று என்று சொல்கிறேன்.

இப்போது அந்தப் படியைக் கிள்ளான் மண்டபத்துக்குக் கொண்டுபோவோம். உங்கள் மகன் முதல் மூன்று பந்திக்கு வாளி தூக்கினான். நான்காவது பந்தியில் உட்கார்ந்தான். அவனுடைய படை அந்தச் சாம்பார் வாளிதான். அதற்கு அவன் முந்தினான், பந்திக்குப் பிந்தினான். உங்கள் பெரியப்பா சொன்ன பழமொழியில் தவறில்லை, அதை யாரைப் பார்த்துச் சொன்னார் என்பதில்தான் தவறிப்போனது. இதை உங்கள் மகனிடம் இதே சொற்களில் சொல்லுங்கள். அந்தப் பேச்சு அவனைத் தொடவே இல்லை, அவன் மேல் அது விழ இடமே இல்லை. பழமொழிக்குப் புதுப்பொருள் கண்டுபிடித்து அவனைத் தேற்றுவதைவிட, பழைய பொருளை முழுதாகக் காட்டித் தேற்றலாம்.

விருந்து ஒழுக்கத்தைப் பற்றி நம்மிடம் ஒரு தனி நூலே இருப்பதையும் சொல்ல வேண்டும். பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான ஆசாரக்கோவை, பெருவாயின் முள்ளியார் செய்தது, நூறு பாட்டு. காலையில் எழுவதிலிருந்து எச்சில் துப்புவது வரைக்கும் அதில் விதி உண்டு. பல விதிகள் இன்றைக்குப் பொருந்தாது, சில விதிகளை நானே ஏற்க மாட்டேன். ஆனால் சாப்பாட்டைப் பற்றிய பகுதியை ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தடவை படிக்கலாம். உங்கள் கல்யாணத்தில் இலையில் முதலில் இனிப்பை வைத்திருப்பார்களே, அதற்கும் அதில் வரி இருக்கிறது. இனிப்பு முதலில், கசப்பு கடைசியில், மற்றதெல்லாம் நடுவில் என்று. 24ஆம் பாட்டு பெரியவர்களோடு உட்கார்ந்து உண்பதைச் சொல்கிறது. 'முன்துவ்வார் முன்எழார்' என்று தொடங்கும். பெரியவர் உண்பதற்கு முன் உண்ண மாட்டார்கள், அவர் எழுவதற்கு முன் எழ மாட்டார்கள். உங்கள் பெரியப்பா வந்து நின்றபோது அவர் மனத்தில் இந்த மாதிரி ஒரு பழக்கம் இருந்திருக்கும். நான் இன்னும் சாப்பிடவில்லை, சின்னப் பையன் உட்கார்ந்துவிட்டானே என்று. அவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆனால் அதற்கு மூன்று பாட்டு முன்னால், 21ஆம் பாட்டில், இன்னொரு வரிசை இருக்கிறது. 'விருந்தினர் மூத்தோர் பசுசிறை பிள்ளை, இவர்க்கூண் கொடுத்தல்லால் உண்ணாரே' என்கிறது. விருந்தாளி, முதியவர், பசு, பறவை, பிள்ளை ஆகியோருக்கு உணவு கொடுக்காமல் ஒழுக்கமுள்ளவர்கள் உண்ண மாட்டார்கள். கவனித்தீர்களா, மூத்தோரும் பிள்ளையும் ஒரே பட்டியலில் இருக்கிறார்கள். அன்று அந்த மண்டபத்தில் பெரியப்பாவுக்கு ஓர் இலை காத்திருக்க வேண்டும், உங்கள் மகனுக்கும் ஓர் இலை காத்திருக்க வேண்டும். இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டியது விருந்து வைத்த வீட்டார் பொறுப்பு. வாசலில் நின்று 'வாங்க, சாப்பிட வாங்க' என்று பெரியவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்காரவைக்க ஓர் ஆள் இருந்திருந்தால், அந்தப் பேச்சே வந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. இதை உங்கள் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. நம் மண்டபங்களில் இப்போது புகைப்படக்காரருக்கு இருக்கும் கவனிப்பு பந்திக்கு இல்லை. ஆள் போதாமல் பள்ளிப் பிள்ளைகள் வாளி தூக்கும் நிலைமை ஏன் வந்தது என்பதையும் வீட்டார் யோசிக்க வேண்டும்.

பந்தி என்ற சொல்லே வரிசை என்றுதான் பொருள்படும். வடமொழியில் 'பங்க்தி' என்பதிலிருந்து வந்தது. ஒரே வரிசை, ஒரே உயரம், எல்லா இலையிலும் ஒரே சாப்பாடு. ஒரு பந்தி முழுதும் உட்கார்ந்த பிறகுதான் பரிமாறுவது, எல்லாரும் முடித்த பிறகுதான் எழுவது. பஃபே வந்த பிறகு இந்த ஒழுங்கு கலைந்துவிட்டது, தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கும் கூட்டத்தில் யார் முந்துகிறார் என்பதைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். அது வேறு கதை, இன்னொரு நாள் பேசலாம்.

என் தாத்தாவைப் பற்றி ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியும் முன்னே பெரட்டு. ஆள் கணக்கெடுத்து, யாருக்கு எந்த மரவரிசை என்று நிரை பிரித்து அனுப்புவார்கள். இருட்டு விலகும்போதே மரத்தில் கத்தி பட வேண்டும். குளிர்ச்சி இருக்கும்வரைதான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். பெரட்டுக்குப் பிந்தியவன் வாளியில் பால் குறையும், பால் குறைந்தால் வீட்டில் அரிசி குறையும். அதனால் தாத்தா இந்தப் பழமொழியைத் திருப்பிப் போட்டுத்தான் எங்களிடம் சொல்வார். 'பந்திக்குப் பிந்து, பெரட்டுக்கு முந்து.' பழமொழி அப்படித்தான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் ஆசிரியர் வேறு மாதிரி சொன்னபோது எழுந்து நின்று 'தப்பு சார்' என்றேன். அவர் என்னை அடிக்கவில்லை. 'உங்க தாத்தா சொல்றதுதான் இதுக்குப் பதில்' என்றார். பழமொழி ஒரு கேள்வி மாதிரி, கேட்பவன் தன் வாழ்க்கையிலிருந்து அதற்குப் பதில் சொல்லலாம் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நான் தமிழாசிரியன் ஆனதற்கு அந்த ஒரு நிமிடமும் ஒரு காரணம்.

அந்தத் தோட்டத்துக் கல்யாணங்களில் கடைசிப் பந்தி என்று ஒன்று உண்டு. வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்ட பிறகு சமைத்தவர்கள், தேங்காய் துருவியவர்கள், இலை எடுத்தவர்கள், பரிமாறிய இளவட்டங்கள் எல்லாரும் ஒன்றாக உட்காருவார்கள். அப்போது கரண்டியைக் கல்யாண வீட்டுக்காரர் கையில் எடுத்துக்கொள்வார். மாப்பிள்ளையின் அப்பாவும் பெண்ணின் அப்பாவும் நின்று பரிமாறுவார்கள். 'இன்னும் ஒரு அப்பளம் போட்டுக்கோடா' என்று வற்புறுத்துவார்கள். அந்தப் பந்தியில் பாயசம் தீர்ந்துபோனால் வீட்டுக்காரருக்குத்தான் அவமானம். அந்த வழக்கம் பல இடங்களில் மறைந்துவிட்டது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. மன்னிப்பை எதிர்பார்ப்பது தவறில்லை. அதை வாட்ஸ்அப் குழுவில் கேட்பதுதான் தவறாகிவிடும். நாற்பது பேர் பார்க்கும் இடத்தில் ஒரு முதியவரைப் பணியவைத்தால், பையனுக்கு மண்டபத்தில் நடந்ததையே அவருக்கு நாம் திருப்பிச் செய்வதாகும். 'தெர்லாஜாக் பெராஹு போலே டியுண்டூர்' என்று மலாய்க்காரர்கள் சொல்வார்கள். அளவு தாண்டிப் போன படகைப் பின்னால் இழுத்துக்கொள்ளலாம், அளவு தாண்டிப் போன சொல் கெடுதலில்தான் முடியும். 'நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது' என்று நாம் சொல்வதும் அதே பொருளில்தான். பெரியப்பா இப்போது அந்த வலது கையைப் பிடித்துக்கொண்டிருப்பது ஏன் என்று யோசியுங்கள். கொட்டியதை அள்ளப் பார்க்கிறார். தான் சொன்னது சரியில்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது, இறங்கிவர ஒரு படி தேடுகிறார். இலக்கணம் பேசி அந்தப் படியையும் உடைத்துவிடாதீர்கள். மேலே நான் எழுதியதெல்லாம் உங்களுக்கும் உங்கள் மகனுக்கும். பெரியப்பாவுக்கு அனுப்ப வேண்டாம்.

புதுமனை புகுவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே நீங்கள் மட்டும் ஷா ஆலம் போய்வாருங்கள். கையில் பழம் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டைச் சுற்றிப் பாருங்கள், வேலை எல்லாம் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். தேநீர் குடித்த பிறகு இப்படிச் சொல்லலாம்: "பெரியப்பா, தம்பி அன்னைக்கு மூணு பந்தி பரிமாறிட்டுத்தான் உட்கார்ந்தான். நீங்க அப்பத்தான் வந்தீங்க, அது உங்களுக்குத் தெரியாது. நான்தான் அவனை உட்காரச் சொன்னேன். நீங்க சொன்னது அவனுக்கு ரொம்ப வலிச்சிருச்சு, பந்தியில சாப்பிடாமலே எழுந்து போயிட்டான். நீங்க ஒரு வார்த்தை கூப்பிட்டுப் பேசினீங்கன்னா அவன் மனசு ஆறிடும்." இதில் மன்னிப்பு என்ற சொல்லே வராது. நீங்கள் தெரியாமல் சொன்னீர்கள் என்று அவருக்கு ஒரு வழி விடுகிறது, அவன் சாப்பிடவில்லை என்ற உண்மையையும் மறைக்காமல் சொல்கிறது. பேரன் பசியோடு எழுந்து போனான் என்று கேட்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் பெரும்பாலும் தாங்க மாட்டார்கள். காலையில் பார்த்தவுடன் 'பசியாறியாச்சா?' என்றுதானே இந்த நாட்டில் நாம் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்கிறோம்.

அவர் பேசினால் நல்லது. பேசாமல் கோபித்துக்கொண்டால், அதற்கு மேல் வற்புறுத்த வேண்டாம். நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. மகனிடமும் போய் அதைச் சொல்லுங்கள், "நான் பெரிய தாத்தாகிட்ட பேசிட்டேன், நீ பரிமாறினதைச் சொல்லிட்டேன்" என்று. தன் அப்பா தனக்காகப் போய்ப் பேசினார் என்பது 16 வயதுப் பையனுக்குப் பெரிய விஷயம். அன்று மண்டபத்தில் அவனை உட்காரச் சொன்னவர் நீங்கள்தான், ஆனால் அந்தச் சிரிப்பு எழுந்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கடிதத்தில் இல்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால், அதுவும் அவன் மனத்தில் இருக்கும். பெரியவர் முன்னால் எதிர்த்துப் பேசக் கூடாது என்று நீங்கள் தயங்கியிருப்பீர்கள், எனக்குப் புரிகிறது. 'அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும்' என்று அவனிடம் ஒப்புக்கொள்ளுங்கள். 'தந்தை மகற்காற்றும் நன்றி அவையத்து முந்தி யிருப்பச் செயல்' என்ற குறளில் நம் 'முந்து' இருக்கிறது, பாருங்கள். கற்றவர் அவையைத்தான் அந்தக் குறள் சொல்கிறது, ஆனாலும் மகனை முன்னால் உட்காரவைக்கும் கடமை தந்தையுடையது என்று அது சொல்லும்போது, எனக்கு உங்கள் கடிதம்தான் நினைவுக்கு வந்தது.

விழாவுக்கு அவனைக் கட்டாயப்படுத்தி இழுத்துக்கொண்டு போகாதீர்கள். வருகிறாயா என்று ஒரு முறை கேளுங்கள். வந்தால், அன்று அவன் வாளி தூக்க வேண்டாம். அவனாகவே தூக்கினால் தடுக்கவும் வேண்டாம், அது அவன் குணம். கடைசிப் பந்தியில் அவனையும் பரிமாறிய மற்றப் பிள்ளைகளையும் வரிசையாக உட்காரவைத்துவிட்டு, கரண்டியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியப்பாவை அழைத்து, "வாங்க பெரியப்பா, பிள்ளைங்களுக்கு நீங்க இனிப்பு வைங்க" என்று தட்டை அவர் கையில் கொடுங்கள். இலையின் நுனி அவன் இடது பக்கம் இருக்கும்படி போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.